போகாத ஊருக்கு வழி: வித்தியாசமான பயணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் பார்த்தாச்சு, துபாய் பார்த்தாச்சு, பாங்காக்கும் ஆச்சு, வேற ஏதாவது வித்தியாசமான இடம் சொல்லுங்க என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில்கூட இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

உலகத்தில் விசித்திரமான இடங்களுக்குப் பஞ்சமா? நீங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. அந்த ஊரில் யாராவது காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்களா?

நிலம் மட்டும் விசித்திரமாக இருந்தால் அரை மணி நேரத்தில் பத்து போட்டோ எடுத்து முடித்துவிடலாம். பிறகு வண்டி வரும்வரை கொட்டாவிதான். அதே நிலத்தில் ஒருவர் வீடு கட்டி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிப் பிழைக்கிறார் என்றால், அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கவே இரண்டு நாள் வேண்டும். அந்தக் கணக்கில் தேறியவை ஆறு: மேகாலயாவின் நோங்கிரியாட், ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி, பொலிவியாவின் உயுனி, கிழக்கு ஜாவாவின் இஜென், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள், இந்தியப் பெருங்கடலில் ரியூனியன். உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் சண்டைக்கு வரவேண்டாம்.

பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேகாலயாவிலிருந்து. வடகிழக்கில் சில மாநிலங்களுக்குள் நுழைய வாங்கவேண்டிய இன்னர் லைன் பெர்மிட்கூட அங்கே வேண்டாம். கௌஹாத்தி வரை விமானம் அல்லது ரயில், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் ஷில்லாங், பிறகு சோஹ்ரா. நாம் பள்ளிக்கூடத்தில் சிரபுஞ்சி என்று படித்த ஊர்தான் சோஹ்ரா. பக்கத்தில் உள்ள டிர்னா கிராமத்தில் வண்டியை விட்டு இறங்கினால் நோங்கிரியாட்டுக்குப் படிக்கட்டு தொடங்கும்.

அங்கே ஓடையைக் கடக்கும் பாலங்களை யாரும் கட்டவில்லை, வளர்த்தார்கள். ரப்பர் அத்தி மரத்தின் விழுதுவேர்களைப் பாக்குமரத் தண்டையும் மூங்கிலையும் தாங்கலாகக் கொடுத்து எதிர்க்கரைக்கு இழுத்துவிடுவார்கள் காசி மக்கள். வேர் அக்கரை மண்ணைப் பிடித்துத் தடித்து, ஒன்றோடொன்று பின்னி, ஆள் நடக்கும் அளவுக்கு வரப் பதினைந்து இருபது வருடமாவது ஆகும். அதாவது பாலத்தைத் தொடங்கியவரைவிட அவர் பிள்ளைக்குத்தான் அது அதிகம் உதவும். ஜிங்கியெங் ஜ்ரி என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். மரப்பாலம் அந்த மழையில் சில வருடங்களில் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். உயிருள்ள பாலமோ வருடாவருடம் பலம் கூடுகிறது. நோங்கிரியாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்குப் பாலமே உண்டு.

ஒரு எச்சரிக்கை. படிகள் சுமார் 3,500. பழனி மலைப் படியைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழனியிலாவது முதலில் ஏறிவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, இறங்கி வரலாம். இங்கே முதலில் இறக்கம். உற்சாகமாகத் தடதடவென்று இறங்கிவிட்டு, திரும்பும்போது பாதி வழியில் உட்கார்ந்து என் முழங்காலுடன் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. முதுகில் கூடையோடு என்னைத் தாண்டி ஏறிப்போன பாட்டி திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அவ்வளவுதான். அன்றே திரும்ப நினைக்காமல் கிராமத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள். சின்னச் சின்ன ஹோம்ஸ்டே இருக்கிறது, சோறும் பருப்பும் கிடைக்கும். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. அக்டோபருக்குப் பிறகு போவது நல்லது.

மண்ணுக்கு அடியில் வீடு கட்டி வாழும் ஊர் உண்டாமே, நிஜமா?

நிஜம். தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டரில் இருக்கிறது கூபர் பெடி. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஒன்பது பத்து மணி நேர ஓட்டம். வழியில் பெரும்பாலும் செம்மண், வானம், எப்போதாவது ஒரு பெட்ரோல் பங்க்.

1915-இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் கண்ணில் ஓப்பல் என்ற ரத்தினக்கல் பட்டது. அதிலிருந்து ஆரம்பித்தது ஊர். உள்ளூர்ப் பழங்குடியினர் வெள்ளைக்காரர்கள் குழிதோண்டுவதைப் பார்த்து ‘குபா பிட்டி’ என்றார்கள். வெள்ளைக்காரன் வளை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வெட்டிய சுரங்கத்துக்குள் இருந்தால் குளுகுளுவென்று இருப்பதைக் கண்டவர்கள் அங்கேயே பாயை விரித்துவிட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள்தான் பதுங்குகுழிப் பழக்கத்தில் இதைத் தொடங்கிவைத்தார்கள் என்பார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் ஊரில் சும்மா சொல்வோம், அவர்கள் அதில் குடியேறியே விட்டார்கள்.

இப்போது ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் தரைக்குள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு டக்அவுட் என்று பெயர் (கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் போவது இல்லை). குன்றின் பக்கவாட்டில் மெஷினால் குடைவார்கள், அதனால் வாசல் தரைமட்டத்திலேயே இருக்கும், ஏணியில் இறங்க வேண்டாம். சமையலறையை வாசல் பக்கம் வைப்பது வழக்கம். படுக்கையறைகள் உள்ளே. கூரையிலிருந்து மேலே ஒரு காற்றுக்குழாய் போகும். சுவரில் குடைந்த கருவியின் வரிவரியான தடம் அப்படியே தெரியும், தூசி உதிராமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு. ஏசி இல்லாமல் வருடம் முழுக்க 23, 24 டிகிரி. வீட்டைப் பெரிதாக்க இன்னொரு அறை குடையும்போது ஓப்பல் கிடைத்து, குடைந்த செலவுக்குமேல் வந்த கதைகளை அந்த ஊரில் யாரும் சொல்வார்கள். எத்தனை கதை உண்மை என்பது கதை சொல்பவரின் குரலைப் பொறுத்தது.

தேவாலயமும் தரைக்குள்தான். செர்பிய மரபு தேவாலயம் ஒன்று பாறையில் குடைந்த மண்டபம்போல இருக்கும், மகாபலிபுரம் பார்த்த கண்ணுக்கு அது சட்டென்று பிடித்துப்போகும். ஊருக்கு வெளியே கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு, புல் ஒன்றுகூடக் கிடையாது. ஆடுபவர் கையோடு ஒரு துண்டுப் புல்தரையைத் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கவேண்டும். பகலில் வெயில் தாங்காது என்பதால் இருட்டில் ஒளிரும் பந்தோடும் ஆடுகிறார்கள்.

அடைந்த இடம் என்றால் எனக்குப் பயம். அங்கே தங்க முடியுமா?

முடியும். நினைப்பதுபோல மூச்சு முட்டாது, கூரை உயரமாகவே இருக்கும். சிரமம் வேறு இடத்தில். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு, விடிந்ததே தெரியாது. போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்படவேண்டியது தரைக்கு மேலே. ஊரைச் சுற்றி எண்ணிக்கையில் அடங்காத குழிகள், மூடாமல் கிடக்கின்றன. பக்கத்தில் வெள்ளை மண்மேடு இருந்தால் குழி இருக்கிறது என்று அர்த்தம். ‘ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே’ என்று போர்டே வைத்திருக்கிறார்கள். செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்கிறவர்களை நினைத்து எழுதியதுபோல இருக்கும், ஆனால் போர்டு செல்ஃபிக்கும் முந்தையது. சுரங்க நிலத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். கல் பொறுக்க ஆசையாக இருந்தால் பொதுமக்களுக்கென்று விட்டிருக்கும் மண்மேட்டில் பொறுக்கலாம். அதற்கு நூட்லிங் என்று பெயர், தின்னும் நூடுல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உயுனி உப்புவெளிக்கு எப்போது போனால் கண்ணாடிபோலத் தெரியும்?

ஜனவரி முதல் மார்ச் வரை. மழைநீர் உப்பின்மேல் விரல்கடை ஆழத்துக்குத் தேங்கும்போது வானம் காலடியில் தெரியும். ஆனால் அப்போது உப்புவெளியின் நடுவே இருக்கும் இன்காவாசி என்ற கள்ளித்தீவுக்கு ஜீப் போவது பெரும்பாலும் நடக்காது. மே முதல் அக்டோபர் வரை போனால் தரை காய்ந்து அறுகோணம் அறுகோணமாக வெடித்திருக்கும், தீவுக்கும் போகலாம், ஆனால் கண்ணாடி கிடையாது. ஜூன், ஜூலை ராத்திரிகளில் குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். இரண்டில் ஒன்றுதான். என்னைக் கேட்டால் காய்ந்த உப்புக்கே என் ஓட்டு. கண்ணாடியை எல்லாரும் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டார்கள்.

பொலிவியாவின் தென்மேற்கில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த வெளி இது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போலப் பத்து மடங்கு. பழைய ஏரிகள் வற்றி விட்டுப்போன உப்பு. இவ்வளவு பெரிய பரப்பில் மேடுபள்ளம் ஒரு மீட்டர்கூட இல்லாததால் செயற்கைக்கோள்கள் தங்கள் உயரமானிகளைச் சரிபார்த்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகின்றன.

கரையில் கொல்சானி என்ற கிராமம். அதை ஜீப்காரர்கள் பதினைந்து நிமிடத்தில் முடித்து, சாவிக்கொத்து விற்கும் கடைகளோடு கிளப்பிவிடப் பார்ப்பார்கள். மசியாதீர்கள். உப்பை மண்வெட்டியால் கூம்பு கூம்பாகக் குவித்துக் காயவைப்பதும், வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையில் சூடாக்கி, அரைத்து, அயோடின் கலந்து, பை பையாகக் கையால் கட்டி அடுக்குவதும் அங்கேதான். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குக் குவியல் பழக்கமானதாக இருக்கும். ஒரு வித்தியாசம்: நம்மவர்கள் பாத்தி கட்டி, கடல்நீர் விட்டு, வெயிலுக்குக் காத்திருக்கவேண்டும். இவர்கள் வாசலைத் தாண்டினால் உப்பு. வீட்டுச்சுவரே உப்புக்கட்டியால் கட்டியது உண்டு.

உயரத்தில் மூச்சு வாங்குமா? ஊசி ஏதாவது போடவேண்டுமா?

வாங்கும். உயுனி 3,656 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டா சிகரத்தைவிட ஒரு கிலோமீட்டர் மேலே. அதற்கு முன் நீங்கள் இறங்கும் லா பாஸ் விமான நிலையமோ 4,000 மீட்டருக்கும் மேல். முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, உடம்பைப் பழக்குங்கள். அங்கே கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள், அந்த ஊரில் அது சட்டப்படி சரி. இலையைப் பெட்டியில் வைத்து மட்டும் ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ கீழே இறங்குவதுதான் மருந்து. இதய நோய், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

ஊசி விஷயம் முக்கியம், பலர் கோட்டைவிடும் இடம். பொலிவியா மஞ்சள்காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமை முகாமில் வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டால்தான் அது செல்லும்.

உப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெயில் கீழிருந்தும் சுடும். சன்ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத்துவாரத்தைச் சுற்றியும் பூசுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், பூசாதவர்கள் ராத்திரி அழுவார்கள்.

நீல நிறத்தில் எரியும் எரிமலை உண்மையா, ஃபோட்டோஷாப்பா?

பாதிக்குப் பாதி. எரிமலைக் குழம்பு நீலமாக ஓடுகிறது என்று போட்டால் அது புளுகு. கிழக்கு ஜாவாவின் கவா இஜெனில் எரிவது கந்தக வாயு. பாறை வெடிப்பில் கடும் சூட்டோடு வெளியேறி, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கிறது. கந்தகம் எரிந்தால் நீலச்சுடர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்ததுதான். சில இடத்தில் வாயு குளிர்ந்து திரவமாகி, எரிந்தபடியே சரிவில் வழியும். அந்தக் காட்சிதான் ‘நீலக் குழம்பு’ ஆகிவிட்டது. பகலிலும் எரியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் நடுராத்திரி ஒன்று, இரண்டு மணிக்கு மலையடிவாரமான பால்துடிங்கிலிருந்து நடக்கத் தொடங்கவேண்டும். விளிம்பு வரை சுமார் மூன்று கிலோமீட்டர் ஏற்றம், பிறகு எரிமலையின் வாய்க்குள் கற்களின் மேல் இறக்கம்.

நெருப்பைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். விடியும்வரை இருங்கள். இருட்டு விலகும்போது கீழே பச்சை நீல ஏரி தெரியும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலம், தண்ணீர் முழுக்க அமிலம். அதன் கரையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வாயுவைக் குழாய்களில் பிடித்து இறக்குகிறார்கள். குழாய் வாயில் அது செக்கச்சிவந்த பாகாகச் சொட்டி, ஆற ஆற மஞ்சளாகி இறுகுகிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, மூங்கில் கம்பின் இரு முனையிலும் தொங்கும் கூடைகளில் அடுக்கித் தோளில் ஏற்றுகிறார்கள். நம்ம ஊர்க் காவடிதான். எடை 70 கிலோ, சிலர் 90 வரை. அதோடு செங்குத்தான வழியில் ஏறி விளிம்புக்கு வரவேண்டும். கம்பு மூங்கில் என்பதால் நடைக்கு ஏற்ப வளைந்து நெளியும், ஒவ்வொரு அடிக்கும் கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். இருட்டில் ஆள் தெரியும் முன் அந்தச் சத்தம்தான் வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். இந்தக் கந்தகத்தில் ஒரு பகுதி சர்க்கரையை வெளுக்கப் போகிறது. காலையில் விடுதியில் காப்பிக்குச் சர்க்கரை போடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்லவில்லை.

கந்தகத்தை ஆமை, பூ என்று அச்சில் வார்த்து விற்பார்கள். வாங்குங்கள், அந்தக் காசு நேராக அவர்கள் கைக்குப் போகிறது. தூக்கிச் சுமப்பவரை நிறுத்தி போட்டோ கேட்காதீர்கள். நடுவில் நின்றால் மறுபடி அந்த நடை வராது.

இஜெனுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

வாய்க்குள் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களும் வேண்டாம். காற்று திசை மாறினால் புகை நிமிடத்தில் மூடிவிடும். வெறும் துணி முகமூடி போதாது, வாயு வடிகட்டியுள்ள முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். வாயு அதிகமானால் நிர்வாகமே வழியை மூடிவிடுவார்கள், அன்று வழிகாட்டி யாராவது ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். இந்தோனேசியாவுக்கு நமக்கு வந்திறங்கும்போது விசா கிடைக்கும். பாலியில் இருப்பவர்கள் கிலிமானுக்கிலிருந்து படகில் கடந்து பன்யுவாங்கி வழியாக வரலாம்.

ஸ்வால்பார்டில் செத்துப்போவது சட்டப்படி குற்றமாமே?

வாட்ஸ்அப் இதை விடவே மாட்டேன் என்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியெனின் மண் ஆழத்தில் எப்போதும் உறைந்தே கிடக்கும். புதைத்தது மக்காது, உறைந்து உருகி உறைந்து மெல்ல மேலே தள்ளப்படும். அதனால் 1950 வாக்கில் சவப்பெட்டியோடு புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் ஊரில் இல்லை. உடம்பு முடியாதவர்கள் நார்வே பெருநிலத்துக்குப் போய்விடுவார்கள். இதுதான் திரிந்து திரிந்து ‘சாகத் தடை’ ஆகிவிட்டது. பூனை வளர்க்கத் தடை என்பது மட்டும் நிஜம், பறவைகளைக் காப்பாற்ற.

78 டிகிரி வடக்கு அட்சரேகையில் சுமார் 2,500 பேர் வாழும் ஊர். 1906-இல் ஜான் மன்ரோ லாங்யர் என்ற அமெரிக்கர் நிலக்கரிக்காகத் தொடங்கியது. அந்தக் காலத்து வழக்கம் ஒன்று இன்றும் இருக்கிறது: பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சுரங்கத்திலிருந்து கரித்தூசியோடு வருகிறவர்களுக்காக வந்த விதி. நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஏப்ரல் 20-லிருந்து ஆகஸ்ட் 20 தாண்டும்வரை சூரியன் மறையாது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை எழாது. எழுந்த பிறகும் மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகும். அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டுப் பக்கம் ஊரே கூடி நிற்கும், குழந்தைகள் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு சூரியனைக் கூவி அழைக்கும். முதல் கதிர் அந்தப் படியில் விழும்வரை நிற்பார்கள். போவதென்றால் அந்த வாரம் போங்கள் என்பேன். வடதுருவ ஒளி பார்க்கவும் அப்போது இருட்டு மிச்சம் இருக்கும்.

2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகமும் இங்கேதான். ஹைதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிறுவனத்திலிருந்து போன சோளம், கம்பு, கடலை விதைகளும் அதற்குள் உறைந்து கிடக்கின்றன. உள்ளே விடமாட்டார்கள், கதவை மட்டும் பார்க்கலாம். இன்னும் வடக்கே நி-ஒலசுண்டில் ஹிமாத்ரி என்ற நம் நாட்டு ஆய்வுநிலையம் 2008 முதல் இயங்குகிறது.

அங்கே போக விசா வேண்டாம் என்கிறார்களே?

1920-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்வால்பார்டில் விசா கிடையாது, வேலை செய்யக்கூட அனுமதி வேண்டாம். கையில் பிழைக்க வழி இருந்தால் போதும். ஆனால் அங்கே போக ஒஸ்லோ வழியாகத்தானே போகவேண்டும்? அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே என்பதால் போகும்போது ‘வெளியேறியவர்’ ஆகிவிடுவீர்கள். திரும்பி நுழைய இரண்டு முறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் வாசல்படியில் மாட்டிக்கொண்ட கதைதான்.

தமிழ் வாசனை உள்ள வித்தியாசமான இடம் ஏதாவது?

ரியூனியன். மொரீஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானம், பிரான்ஸின் ஒரு மாவட்டம். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போனார்கள். அவர்களை அங்கே ‘மலபார்’ என்பார்கள். பேச்சு கிரியோலும் பிரெஞ்சுமாக மாறிவிட்டது. ராமசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடைப் பலகையில் நிற்கும். ஆனால் காவடியும் தீமிதியும் விடாமல் நடக்கின்றன. தமிழ் பேசத் தெரியாத ஒருவர் மஞ்சள் வேட்டியோடு பூக்குழி இறங்குவதைப் பார்ப்பது மனதை என்னவோ செய்யும்.

தீவின் கிழக்கே பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், உலகின் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. 1977-இல் குழம்பு இறங்கி வந்து பித்தோன் சாந்த்-ரோஸ் கிராமத்துத் தேவாலய வாசலில் இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போனது. இன்றும் சுவரை ஒட்டிக் கருங்குழம்பு உறைந்து நிற்கிறது. நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு மஃபாத் பள்ளத்தாக்கு: சாலையே கிடையாது, நடந்து போகவேண்டும் அல்லது ஹெலிகாப்டர். உள்ளே வீடுகள், பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை எல்லாம் இருக்கின்றன. மளிகை வானத்திலிருந்து வரும்.

கவனம்: சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது. ரியூனியனுக்கென்றே குறிப்பிட்டுப் பிரெஞ்சு விசா கேட்கவேண்டும்.

துர்க்மெனிஸ்தானின் ‘நரக வாசல்’, டானகில், செர்னோபில், பாம்புத்தீவு இதெல்லாம் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

நரக வாசல் என்கிற தர்வாசா வாயுக்குழி பாலைவனத்தில் பல பத்தாண்டுகளாக எரிகிறது, சுமார் 70 மீட்டர் அகலம். இப்போது தீ நன்றாகக் குறைந்துவிட்டது. அந்நாட்டு விசா வாங்க அழைப்புக்கடிதம் முதல் ஆயிரம் சடங்கு. அவ்வளவு பாடுபட்டு அணையும் அடுப்பைப் பார்ப்பானேன்?

எத்தியோப்பியாவின் டானகில் என் மனதுக்குப் பிடித்த நிலம். கடல்மட்டத்துக்கும் 100 மீட்டர் கீழே, ஒட்டகத்தில் உப்புப்பாளம் ஏற்றிப்போகும் அஃபார் மக்கள். ஆனால் 2012-இல் அங்கே எர்த்தா அலே எரிமலையில் சுற்றுலாப் பயணிகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். எல்லைப் பதற்றம் அடங்கும் காலம் பார்த்துத்தான் யோசிக்கவேண்டும். செர்னோபில் 2022 போரோடு சுற்றுலாவுக்கு மூடியாயிற்று. பிரேசிலின் பாம்புத்தீவுக்கும் நம் அந்தமானின் வட சென்டினலுக்கும் போவது சட்டவிரோதம், அதோடு முடிந்தது பேச்சு.

அப்பா அம்மாவையும் கூட்டிப்போக ஒன்று சொல்லுங்களேன்?

போலந்தில் கிராக்கோ அருகே வியெலிச்கா உப்புச்சுரங்கம். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டிய இடம். 101 மீட்டர் ஆழத்தில் தரை, சுவர்ச் சிற்பம், சரவிளக்கின் மணி எல்லாமே உப்பில் ஆன ஒரு தேவாலயம். அதைச் செய்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். தொடக்கத்தில் 380 படி இறங்கவேண்டும், முழுப் பாதையில் 800 வரும், மேலே வர லிஃப்ட் உண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் போகலாம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

ஜாவாவில் கவலை இல்லை, டெம்பே, டோஃபு எங்கும் கிடைக்கும். ‘தெராசி வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள், அது இறால் விழுது, சம்பலில் ஒளிந்திருக்கும். பொலிவியாவில் உருளைக்கிழங்கும் கினோவாவும் உங்களைக் காப்பாற்றும், சூப்பை மட்டும் நம்பாதீர்கள். லாங்யர்பியெனில் எல்லாமே கப்பலிலும் விமானத்திலும் வருவதால் விலை கொள்ளை. ஆனால் அங்கே தாய்லாந்துக்காரர்கள் நிறையப்பேர் குடியிருப்பதால் சோறு கிடைக்காமல் போகாது. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எங்கே போனாலும் துணை. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் அந்த டப்பாவை மறைத்துக் கொண்டுபோகாதீர்கள். அட்டையில் ‘உணவுப்பொருள் உண்டு’ என்று டிக் போட்டுக் காட்டிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

செலவு எப்படி?

தொகை சொன்னால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், வரிசை சொல்கிறேன். மேகாலயா கைக்கடக்கம். அடுத்தது இஜென். பிறகு ரியூனியனும் கூபர் பெடியும் கிட்டத்தட்ட சமம். உயுனியில் இறங்கிவிட்டால் செலவு குறைவு, போய்ச்சேரும் டிக்கெட்தான் கழுத்தை அறுக்கும். ஸ்வால்பார்ட் எல்லாவற்றுக்கும் உச்சி.

துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. தனியாகப் போகலாமா?

நோங்கிரியாட், கூபர் பெடி, ரியூனியன் தாராளமாக. உயுனியில் தனியாக வந்த ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். கிளம்பும் முன் டிரைவர் குடித்திருக்கிறாரா, ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இஜெனில் உள்ளூர் வழிகாட்டி அவசியம், முன்னாள் சுமைதூக்கிகள் பலர் அந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். ஸ்வால்பார்டில் ஊருக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தனியாகத் திரியலாம். கடைசி வீடு தாண்டியதும் வெள்ளைக்கரடி படம் போட்ட ஒரு முக்கோணப் பலகை வரும். துப்பாக்கியோடு ஒரு வழிகாட்டி கூட இல்லாவிட்டால், அதனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.